மணி அடித்த பிறகு உள்ளே போன மாணவன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் அரசுப் பள்ளி மைதானங்களைப் பாருங்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறவர்கள், வாலிபால் நெட் கட்ட இடம் தேடுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வருகிறார்கள். வேறு எங்கே போவார்கள்? சில ஊர்களில் கேட் திறந்திருக்கிறது, சில ஊர்களில் பூட்டியிருக்கிறது. பூட்டியிருக்கும் ஊரில் சாவி யாரிடம் இருக்கிறது, எந்தத் தெருப் பையன் போய்க் கேட்டால் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. பெயர் வேண்டாம், ஓர் ஊரில் காலனிப் பையன்கள் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஊர்ப் பையன்கள் ஆடி முடித்துப் போன பிறகே மைதானத்தில் இறங்கினார்கள். யாராவது தடுத்தார்களா என்று கேட்டேன். இல்லை, பழக்கம்தான் என்றார்கள்.

அந்தப் பழக்கத்தைப் பார்த்தபோது இரட்டைமலை சீனிவாசனின் நினைவு வந்தது. சிறு வயதில் அவரும் அப்படி ஒதுங்கி நின்றவர்தான்.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் அவர் பிறந்த ஊர். இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. ஆகவே அவரை நம் பழைய மாவட்டத்துக்காரர் என்று தாராளமாகச் சொல்லலாம். குடும்பம் பிழைப்புக்காக இடம் மாறியதில் அவர் கோயம்புத்தூர் கலாசாலையில் படிக்க நேர்ந்தது. அங்கே ஏறக்குறைய 400 மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் பத்துப் பேர் போக மற்ற எல்லோரும் பிராமணர்கள்.

பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பள்ளி அவருக்குச் சொந்தமாகவில்லை. யாரோடாவது நட்பு கொண்டால் வீடு எங்கே, என்ன சாதி என்று கேட்பார்கள். தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்கள் என்ற பயம். காலையில் சீக்கிரமே வந்துவிடுவார், உள்ளே போகமாட்டார். வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வதற்குள் வேகமாக நடந்து வீடு போய்ச் சேர்வார். விளையாட்டு இல்லை, பேச்சுத் துணை இல்லை. ஒரு கலாசாலையில் அவருக்குக் கிடைத்தது பாடம் நடக்கும் நேரமும் ஒரு பெஞ்சும் மட்டும். முதுமையில் எழுதி 1939-இல் வெளியிட்ட ஜீவிய சரித்திரச் சுருக்கம் என்ற சிறு நூலில் இதையெல்லாம் அவரே பதிவு செய்திருக்கிறார். எத்தனையோ பதவிகளையும் பட்டங்களையும் பார்த்த மனிதர், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை மறக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் நீலகிரியில் ஓர் ஐரோப்பிய நிறுவனத்தில் கணக்கர் வேலை. 1890-இல் சென்னைக்கு வந்தார். அது நம் பகுதிக்கு முக்கியமான காலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி 1891-இல் அரசுக்கு அறிக்கை தந்தார். பொன்னேரியும் திருவள்ளூரும் அப்போது அவருடைய ஆளுகையில் இருந்தவை. பஞ்சமி நிலத்துக்கு வழி வகுத்த 1892 அரசாணை அந்த அறிக்கையிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பஞ்சமர் கல்விக்கென்று தனி அரசாணை ஒன்றும் வந்தது. நிலம் பற்றிய ஆணையை நம் ஊர்களில் இன்றும் பேசுகிறார்கள், பள்ளிக்கூடம் பற்றிய ஆணையை யாரும் பேசுவதில்லை.

அந்த 1893-இல்தான், அக்டோபர் மாதம், சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவு செய்தார்களோ அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார்: பறையன். மாத இதழாகத் தொடங்கி, மூன்று மாதத்தில் வார இதழாகி, 1900 வரை நடந்தது. சாதியை மறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிய பையன் அதைத் தலைப்பில் அச்சடித்துக் கடைக்கு அனுப்பினார். அதே ஆண்டு, ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக்கூடாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். இங்கே நடத்தினால் ஆதிக்க சாதியினரே அதிகாரிகளாகி மேலும் ஒடுக்குவார்கள் என்பது அவர் வாதம். 3,412 பேர் கையெழுத்திட்ட அந்த மனுவின் நீளம் 112 அடி. இந்த வாதத்தை இன்று ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் கையெழுத்துப் போடக்கூடப் பள்ளிக்கூடம் இல்லாத மக்களிடமிருந்து அத்தனை கையெழுத்து வாங்கினார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பிறகு கடல் கடந்து போனார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு 1921-இல் திரும்பினார். இதற்கிடையில் இங்கே என்ன மாறியிருந்தது? 1919-இல் அரசு கணக்குப் பார்த்தபோது சென்னை மாகாணத்தில் பொது நிர்வாகத்தில் இருந்த பள்ளிகள் 8,157. அவற்றில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609 மட்டுமே. மற்றவற்றில் பல, அக்கிரகாரத்திலோ கோயிலை ஒட்டியோ, ஊர்த் தெருவின் நடுவிலோ இருந்தன. பள்ளியின் கதவு திறந்திருந்தாலும் பள்ளிக்குப் போகும் தெரு மூடியிருந்தது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிக்குள் போக முடியாதவர்களுக்கு அரசின் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகளைத் திறந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு வேர் அங்கேதான்.

1923-இல் சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1924 ஆகஸ்ட் 22 அன்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடங்கள், பொதுக் காரியம் நடக்கும் கட்டடங்கள் ஆகியவற்றை மற்ற சாதியினர் எப்படிப் பயன்படுத்துகிறார்களோ அப்படியே தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம். தீர்மானம் நிறைவேறி, செப்டம்பரில் அரசாணையாகவும் வெளிவந்தது. படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் தனிக் கிணறோ தனித் தெருவோ கேட்கவில்லை. ஏற்கெனவே இருப்பது பொதுவானது என்பதை எழுத்தில் கொடுங்கள் என்றுதான் கேட்டார்.

ஆணை வந்த மறுநாளே தெருக்கள் திறந்துவிடவில்லை. பின்னால் சட்டத் திருத்தங்கள் தேவைப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு அதே கிணறு, குளம், சாலை, பொது இடம் என்ற பட்டியலைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் பூந்தோட்டமோ பள்ளி மைதானமோ, பொதுப் பணத்தில் உள்ள இடத்தில் நிற்கும் ஒருவரை எழுந்து போகச் சொல்ல உரிமை இல்லை என்பது 1924-லேயே இந்த மாகாணத்தில் எழுதப்பட்டுவிட்டது.

லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் அவர் கலந்துகொண்டது, பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது எல்லாம் பாடப்புத்தகத்தில் வருபவை. 1945 செப்டம்பர் 18-இல் காலமானார்.

சென்ற டிசம்பர் மழையில் நம் பகுதிப் பள்ளி ஒன்றில் சில குடும்பங்கள் தங்கியிருந்ததைப் பார்த்தேன். வெள்ளம் வந்தால் பள்ளி எல்லோருக்கும் பொது. வாக்குச்சாவடி என்றாலும் பொது. தடுப்பூசி முகாம் என்றாலும் பொது. மாலை ஐந்து மணிக்கு மட்டும் ஏன் சாவி தேடவேண்டியிருக்கிறது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் கேட்கலாம். அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. காலனிப் பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு.

சீனிவாசனின் நினைவிடம் சென்னை ஓட்டேரியில் இருக்கிறது. உரிமைக் களம் என்று பெயர். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போய் பேசின் பிரிட்ஜில் இறங்கினால் அங்கிருந்து அதிக தூரம் இல்லை. ஜூலை 7 அவருடைய பிறந்த நாள். சுவர் ஓரம் நின்ற அந்தப் பையன்களிடம் இந்த விவரத்தைச் சொல்லியிருக்கிறேன்.