பேசாத வீரன் ஊமைத்துரை

நா பேசாவிடினும் அவன் வாள் பேசியது. 1799-இல் அண்ணன் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலேறியபின், பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்த ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2-இல் தப்பினான். ஆங்கிலேயர் இடித்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களிலேயே மண்ணால் எழுப்பினான். மார்ச் 31-இல் தாக்கிய கும்பினிப்படை தோற்றுத் திரும்பியது. மே 24-இல்தான் கோட்டை வீழ்ந்தது. காயமுற்றுக் கிடந்தவனை ஊர்ப்பெண்கள் துணியால் மூடி, அம்மையில் மாண்ட மகனென்று அழுது, தேடி வந்தோரை ஓடச் செய்தனர் என்பர்.

தேறியவன் மருது பாண்டியரோடு சேர்ந்து, காளையார்கோவில் காட்டில் மறைந்திருந்து தாக்கினான். அக்டோபரில் அதுவும் வீழ்ந்தது. நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டான்.

எதிர்த்துப் போரிட்ட ஆங்கில அதிகாரி வெல்ஷ், 1830-இல் வெளிவந்த தம் நூலில் அவனைப் போற்றினார். அவனை ஒடுக்கப் படையேவிய சென்னைக் கோட்டைக்கு அருகிலேயே பயிலும் நாம் அவனை மறக்கலாமா?