கனவின் வாயிலில் கடை விரித்தவர்: வோல்ட் டிஸ்னி

சவாரி முடிந்து இறங்கும் பிள்ளை வெளியேறும் வழியைத் தேடவேண்டியதில்லை. வழி ஒன்றே உண்டு. அது நேரே ஒரு கடைக்குள் இட்டுச் செல்கிறது. சற்றுமுன் திரையிலே கண்ட விண்வெளி வீரனின் வாள், பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்திலே காத்திருக்கிறது. நெஞ்சின் படபடப்பு அடங்குமுன்னரே கை நீளுகிறது; பின்னால் வரும் தந்தையின் கை சட்டைப்பையைத் தொடுகிறது. உலகின் பெரிய களியாட்டப் பூங்காக்கள் பலவற்றிலே இன்று காணும் காட்சி இது.

இவ்வேற்பாட்டின் புகழையும் பழியையும் மக்கள் பெரும்பாலும் ஒருவர் தலைமீதே சுமத்துவர். அவரே 1966ஆம் ஆண்டிற் காலமான வோல்ட் டிஸ்னி. அச்சுமை முற்றும் நியாயமானதன்று, முற்றும் அநியாயமானதுமன்று. கலையும் வாணிகமும் அவர் வாழ்விலே எவ்விதம் பின்னிக் கிடந்தன என்பதை அறிந்தால் அது விளங்கும்.

அவர் 1901ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆந் திகதி சிக்காகோ நகரிலே பிறந்தார். தந்தை இலயாஸ் டிஸ்னி கண்டிப்பானவர். கை வைத்த தொழில்கள் பலவற்றிலும் நட்டமடைந்தவர். 1893ஆம் ஆண்டு சிக்காகோவிலே நடந்த உலகக் கண்காட்சியின் மண்டபங்களை எழுப்பிய தச்சர்களுள் அவரும் ஒருவர். குடும்பம் 1906இல் மிசூரி மாநிலத்து மாசலின் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு கழிந்த சில ஆண்டுகளே வோல்டின் நெஞ்சிலே என்றும் பசுமையாக நின்றவை. பின்னர் கன்சாஸ் நகரிலே, விடியுமுன் எழுந்து, பனியிலே நடந்து, வீடு வீடாகப் பத்திரிகை போடும் வேலை சிறுவன்மேல் விழுந்தது. அதற்குத் தந்தை கூலி கொடுக்கவில்லை. பதின்ம வயதிலே புகையிரதத்தில் ஏறிப் பத்திரிகையும் பழமும் இனிப்பும் விற்றுப் பார்த்தார். வண்டிப் பயணம் இனித்தது, வாணிகம் இனிக்கவில்லை. கைப்பொருளை இழந்ததே மிச்சம்.

சித்திரத்தை அசைய வைக்கும் கலையிலே அவர் தொடங்கிய முதற் கம்பனி 1923ஆம் ஆண்டு முறிந்தது. ஹொலிவூட் சென்று, தமையன் றோயுடன் சேர்ந்து மீண்டும் தொடங்கினார். ஒஸ்வால்ட் என்னும் முயற்குட்டியைப் படைத்தார். அது நன்கு ஓடிற்று. அதன் உருவத்தைப் பொறித்த இனிப்பும் விளையாட்டுப் பொருளும் கடைக்கு வந்தன. ஆயினும் அவ்வுருவத்தின் உரிமை அவருடையதன்று. படத்தை வெளியிட்ட யுனிவேர்சல் கம்பனியினுடையது. 1928இலே கூடுதற் பணம் கேட்க நியூயோர்க் சென்றவர், முயலையும் இழந்து, தம்மிடம் வேலைசெய்த ஓவியர்களுட் பெரும்பாலோரையும் இழந்து திரும்பினார். படைத்தவன் வேறு, உடையவன் வேறு என்னும் பாடத்தை அவர் அன்று கற்றார். இறக்கும்வரை அதை மறக்கவில்லை.

அவ்வாண்டு நவம்பரிலே மிக்கி என்னும் எலி, ஒலியுடன் திரைக்கு வந்தது. அடுத்த ஆண்டிலே, பிள்ளைகள் எழுதும் கடதாசிக் கட்டின் அட்டையிலே மிக்கியின் படத்தை அச்சிட அனுமதி கேட்டு, நியூயோர்க் விடுதியொன்றிலே ஒருவர் அவரை அணுகி 300 டொலர் நீட்டினார். வோல்டுக்குப் பணமுடை; வாங்கிக்கொண்டார். பிற்காலத்து மாபெரும் வாணிகத்துக்கு அதுவே பிள்ளையார் சுழி.

1932இலே கே கேமன் என்னும் விளம்பர வல்லுநர் அப்பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு மிக்கி கைக்கடிகாரம் வெளிவந்தது. நாடெங்கும் வேலையின்மை தலைவிரித்தாடிய அக்காலத்திலே, நொடிந்திருந்த கடிகாரக் கம்பனி அந்த எலியின் தயவால் நிமிர்ந்தது. பொம்மைப் புகையிரதங்கள் செய்த லயனல் கம்பனிக்கும் மிக்கி கைகொடுத்தது. 1949இல் விமான விபத்திலே மாளும்வரை கேமன் இப்பணியைச் செய்தார்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். டிஸ்னி தம் படங்களின் தரத்தை உயர்த்த உயர்த்தச் செலவும் உயர்ந்தது. படமாளிகைகள் கொடுத்த பணம் அதற்குப் போதவில்லை. கடிகாரமும் பொம்மையும் கொணர்ந்த வருவாயும் வங்கிக் கடனுமே பற்றாக்குறையை நிரப்பின. 1937 டிசம்பரிலே வெளியான முழுநீளச் சித்திரப்படமான ‘ஸ்னோ வைட்’டுக்கு ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் டொலர் செலவாயிற்று. படம் வெளிவரும்போதே அதன் பாவைகளும் புத்தகங்களும் கடைகளுக்கு வந்திருந்தன. கடை கலையின் பகைவனாக அன்று நிற்கவில்லை, அதற்குச் சோறிட்டது. ஆனால் சோறிடுபவன் காலப்போக்கில் வீட்டை ஆள முற்படுவது உலக இயல்பு.

பூங்காவின் பிறப்பு

1941ஆம் ஆண்டின் வேலைநிறுத்தமும் உலகப் போரும் டிஸ்னியின் உற்சாகத்தைக் குறைத்தன. அந்நாட்களிலே ஞாயிறு, சனிகளில் இரு பெண்மக்களையும் லொஸ் ஏஞ்சல்சின் கிறிபித் பூங்காவுக்குக் கூட்டிச் செல்வார். பிள்ளைகள் குதிரை இராட்டினத்தில் ஏறுவர். தந்தை வாங்கிலிருந்து கடலை கொறிப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்னும் எண்ணம் அங்கேதான் வேரூன்றியதென்று பின்னர் பலமுறை நினைவுகூர்ந்தார். அக்காலத்துக் களியாட்ட இடங்கள் பல அழுக்கும் ஏமாற்றும் மலிந்தவை. வாயிலிலே நின்று கூவி அழைப்போர் தம் பூங்காவிலே இருத்தலாகாது என்பது அவர் முடிவு.

1953இலே அத்தொழிலின் அனுபவசாலிகள் சிலரிடம் திட்டத்தைக் காட்டியபோது அவர்கள் உதட்டைப் பிதுக்கினர். ஒரே வாயில் வைத்தால் கூட்டம் நெரியும். கோட்டையும் நகரச் சதுக்கமும் காசு தரா. பிழைக்க வழியில்லை என்பதே அவர்கள் தீர்ப்பு. டிஸ்னி அசையவில்லை. ஆயுட் காப்புறுதியின்மேல் கடன் வாங்கினார். விடுமுறை வீட்டை விற்றார். ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் ஐந்து இலட்சம் டொலர் மூலதனமிட்டுப் பெருங்கடனுக்கும் பிணை நின்றது. கைம்மாறாக அவர் வாராந்த நிகழ்ச்சி நடத்தினார். அந்நிகழ்ச்சியிலே டேவி குரொக்கெற் கதை வந்ததும், அமெரிக்கச் சிறுவரெல்லாம் வால் தொங்கும் தோற் தொப்பிக்கு அலைந்தனர். பூங்கா திறக்குமுன்னரே அதன் வாணிகம் தொடங்கிவிட்டது.

அனஹைம் என்னுமிடத்துத் தோடந்தோட்டங்கள் 160 ஏக்கரிலே ஓராண்டு வேலை நடந்தது. 1955 ஜூலை 17ஆந் திகதி, ஏறத்தாழ 170 இலட்சம் டொலர் செலவிலே, டிஸ்னிலாந்து திறந்தது. முதல் நாள் போலிச் சீட்டுடன் பலர் புகுந்தனர்; வெயிலிலே புதுத் தார் இளகிற்று. அவை மறக்கப்பட்டன. ஏழு வாரங்களுக்குள் வந்தோர் தொகை பத்து இலட்சத்தை எட்டிற்று.

ஒரே வாயிலின் பொருள் அப்பொழுதே தெளிவாயிற்று. உள்ளே புகுவோர் யாவரும் பிரதான வீதி என்னும் பழங்காலக் கடைத்தெருவின் வழியாகவே போகவேண்டும். வெளியேறுவோரும் அதன் வழியாகவே வரவேண்டும். மேல்மாடிகள் சிறிதாகக் கட்டப்பட்டமையால் வீதி கண்ணுக்கு இதமாகத் தோன்றும். மிகப் பெரிய கடை வாயிலுக்கு அண்மையிலே, வெளியேறுவோரின் வலக்கைப் பக்கம் அமைந்தது. தொடக்கத்திலே இக்கடைகளுட் பல வெளிக் கம்பனிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன. அவற்றுள் மார்க்கச்சை விற்ற கடையும் உண்டு. எதையும் விற்காது, பழைய மருந்துச்சாலையைக் காட்டுவதற்கென்றே ஒரு மருந்துக் கம்பனி நடத்திய கடையும் உண்டு. பணமுடையின் காரணமாகவே இவ்வாறு விட்டனர். மாசலினின் நினைவிலே எழுந்த வீதியென்று டிஸ்னியின் வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். பிள்ளைப்பருவத்து ஊர் இவ்வாறு முழுப் பூங்காவுக்கும் வெளியேறும் கடையாயிற்று.

எனினும் பூங்காவின் பல பகுதிகளிலும் கடை இருந்தபோதிலும், அவர் காலத்துச் சவாரிகள் பெரும்பாலும் திறந்த வெளியிலேயே முடிந்தன. பீற்றர் பானுடன் பறந்து இறங்கிய பிள்ளை முற்றத்து வெயிலுக்கே வந்தது. சவாரிக்குச் சவாரி சீட்டுக் கொடுக்கவேண்டியிருந்தமையால், சவாரியே தன் கூலியைத் தேடிக்கொண்டது.

அவருக்குப் பின்

1964ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சிக்கு டிஸ்னி நான்கு காட்சிகளை அமைத்தார். போர்ட் மோட்டார்க் கம்பனியின் மண்டபத்திலே பார்வையாளர் ஏறிச்சென்ற வாகனங்களே அக்கம்பனியின் கார்கள். பண்டமும் சவாரியும் அங்கே ஒன்றாயின. தந்தை கண்காட்சி மண்டபத்துக்கு ஆணி அடித்தார். மகன் மண்டபத்துக்குள்ளே கனவை ஓட்டினார்.

1966 டிசம்பர் 15ஆந் திகதி நுரையீரற் புற்றுநோயால் அவர் உயிர் பிரிந்தது. கடற்கொள்ளைக்காரர் சவாரி திறந்தது மறு ஆண்டு மார்ச்சிலே. புளோரிடாவின் பெரும் பூங்காவை 1971இலே திறந்துவைத்த றோயும் அவ்வாண்டு முடியுமுன்னரே மறைந்தார். 1982இலே சவாரிச் சீட்டுமுறை ஒழிந்தது. வாயிலிலே ஒருமுறை கட்டணம் செலுத்தினால் எதிலும் ஏறலாம் என்றாயிற்று. அதன்பின் சவாரி தனியே கூலி தேடவில்லை. அதன் வாசலிலே நின்ற கடை தேடிற்று. 1987இலே தொடங்கிய விண்வெளிச் சவாரியின் பயணிகள் இறங்கியதும் அதன் கடைக்குள்ளேயே வந்து சேர்ந்தனர்.

டிஸ்னி கடையை வெறுத்தவரல்லர். 300 டொலரிலே தொடங்கியவர் எவ்வாறு வெறுப்பார்? ஆயினும் அவருக்குக் கனவு முந்தியது. கடை அதைக் காக்க வந்தது. கடையை முன்னே நினைத்து, அதற்குப் பொருத்தமான கனவைப் பின்னே தேடும் காலம் வரின், வேலிக்குப் பயிரிட்ட கதையாகவே அது முடியும்.

பிரதான வீதியின் தீயணைப்பு நிலையத்துக்கு மேலே அவர் தங்கிய சிறு அறை உண்டு. அங்கிருந்து அவர் வருவோரையும் போவோரையும் பார்ப்பார். அவர் நினைவாக அதன் யன்னலிலே ஒரு விளக்கு எரிகிறது. கீழே, சவாரிகள் ஓய்ந்த பின்னரும், கடைகள் சற்று நேரம் திறந்தே இருக்கின்றன.