தாயை அறியாத தாய்



பிள்ளையை வளர்க்கத் தெரியாதவள் என்று ஒரு தாயைக் குறை கூற நமக்கு அதிக நேரம் செல்வதில்லை. ஆனால், அத்தாய்க்குப் பிள்ளை வளர்க்கக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. புனித லூயிஸ் தெ மரிலாக்கின் வரலாற்றை இக்கேள்வியை மனதிற் கொண்டு வாசித்துப் பாருங்கள். கைவிடப்பட்ட குழந்தைகளின் தாயென்று திருச்சபை போற்றும் இப்புனிதை, தம்மைப் பெற்ற தாயை அறியாதவர். தமது ஒரே மகனை வளர்ப்பதில் நீண்ட காலம் தடுமாறியவரும் அவரே. ஆலயத்திலுள்ள சுரூபத்தைப் பார்த்து இதனை ஊகிக்க முடியாது.

1591ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12ஆம் திகதி பிரான்சில் அவர் பிறந்தார். தந்தை லூயி தெ மரிலாக் உயர்குடியைச் சேர்ந்தவர், மனைவியை இழந்தவர். லூயிஸ் திருமண உறவில் பிறந்த பிள்ளை அல்ல. அவருடைய தாய் யாரென்பதை எந்த ஏடும் கூறவில்லை. தந்தை அவரைத் தம் மகளென ஏற்று, அவரது வாழ்வுக்கென ஒரு தொகையையும் ஒதுக்கினார். ஆயினும் அந்த வீட்டில் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. சிறுவயதிலேயே புவாசி என்னும் ஊரிலிருந்த சாமிநாதர் சபைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே கல்வியும் செபமும் ஓவியமும் கற்றார். பின்னர் பாரிஸ் நகரில் வசதி குறைந்த ஒரு பெண்மணி நடத்திய விடுதியில் சேர்க்கப்பட்டு, வீட்டு வேலைகளைப் பழகினார். 1604இல் தந்தையும் மரித்தார். தாயும் தந்தையும் கூடியிருந்து செபித்து உணவருந்தும் ஒரு வீட்டை அவர் தம் இளமையில் கண்டதே இல்லை.

துறவற வாழ்வை விரும்பிக் கப்புச்சின் கன்னியரிடம் சென்றபோது, உடல்நலம் போதாதென்று அவர்கள் ஏற்கவில்லை. 1613ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் திகதி, அரசி மரியா தெ மெதிச்சியின் செயலாளர்களுள் ஒருவரான அந்துவான் லெ கிராசுக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். அதே ஆண்டு ஒக்டோபரில் மகன் மிஷேல் பிறந்தான். சில ஆண்டுகளிலேயே கணவர் நோய்வாய்ப்பட்டார். நோய் அவரது குணத்தையும் மாற்றியது. துறவியாவேன் என்று இளமையில் எடுத்த தீர்மானத்தைக் கைவிட்டதற்கான தண்டனையே இதுவென லூயிஸ் எண்ணி மருகினார். கணவரை விட்டுச் செல்லவேண்டுமோ என்றுகூடக் கலங்கினார். 1623ஆம் ஆண்டு தூய ஆவியார் பெருவிழா நாளன்று, புனித நிக்கொலா ஆலயத்தில் செபித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கலக்கம் நீங்கிற்று. கணவருடனேயே இருக்கவேண்டும், ஏழைகளுக்குப் பணிபுரியும் காலம் பின்னர் வரும் என்ற தெளிவு பிறந்தது. நோயாளியான கணவரை 1625ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் இறக்கும்வரை பராமரித்தார். அப்போது லூயிசுக்கு வயது 34. மகனுக்கு வயது 12.

இனி வரும் பகுதியைப் பெற்றோராகிய நீங்கள் சற்று நிதானமாக வாசியுங்கள். மிஷேல் கெட்ட பிள்ளையல்ல, உறுதியற்ற பிள்ளை. அவன் குருவாக வேண்டும் என்பது தாயின் பெருவிருப்பம். அவன் சில வேளை இணங்கினான். சில வேளை பின்வாங்கினான். தாயோ அவனது சளி, காய்ச்சல், படிப்பு, மனநிலை அனைத்தையும் எண்ணித் துயிலிழந்தார். தந்தையற்ற மகன்மீது, தாயற்று வளர்ந்த ஒருத்தி கொண்ட அளவுகடந்த பதற்றம் அது. அவருக்கு ஆன்ம வழிகாட்டியாக வாய்த்தவர் புனித வின்சன்ட் டி போல். அவர் லூயிசுக்கு எழுதிய கடிதங்கள் பல இன்றும் உள்ளன. அவற்றை வாசிப்போர் பெரிய மறைபொருட் சிந்தனைகளை எதிர்பார்த்தால் வியப்படைவர்; மிஷேலைப் பற்றிய பேச்சே அவற்றுள் அடிக்கடி வருகிறது. இவரைப்போல் தாய்மையிலேயே முழுவதும் மூழ்கிப்போன பெண்ணைத் தாம் கண்டதில்லை என்று வின்சன்ட் அன்போடு கடிந்துகொண்டார். மகனின் ஒவ்வொரு தவறையும் தம் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனையாகக் கருதவேண்டாமென அறிவுறுத்தினார். மகனைக் கடவுளின் பிள்ளையாகப் பார்க்கச் சொன்னார். வெறும் சொல்லோடு நில்லாமல், மிஷேலைத் தமது இல்லமொன்றில் சில காலம் தங்கவும் வைத்தார்.

இன்று சில நாடுகளில், பிள்ளைகளைப் பராமரிக்க இயலாத நிலையிலுள்ள பெற்றோரிடமிருந்து நீதிமன்றம் பிள்ளைகளைப் பிரித்து வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கிறது. அந்நிலை வருமுன்னரே அப்பெற்றோரை அழைத்து, பிள்ளை வளர்ப்பு வகுப்புகள் நடத்தும் ஆலயங்களும் அங்கே உண்டு. கோபத்தை அடக்குவது, பிள்ளையின் பேச்சைக் கேட்பது, வீட்டுச் செலவைத் திட்டமிடுவது என்பன அங்கே கற்பிக்கப்படும் பாடங்கள். வின்சன்ட் லூயிசுக்குச் செய்தது இதுவேயன்றி வேறென்ன? நம் நாட்டுச் சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுள் பெரும்பாலானோருக்கும் தாயோ தந்தையோ உயிருடன் உள்ளனர் என்பதை இங்கே நினைவிற் கொள்ளுங்கள்.

லூயிசின் பணிக்கு வருவோம். பங்குகள்தோறும் ஏழை நோயாளரை அவர்களது வீடுகளிலேயே பராமரிக்கும் பிறரன்புச் சங்கங்களை வின்சன்ட் நிறுவியிருந்தார். அவற்றைச் சென்று பார்வையிடும் பொறுப்பை 1629ஆம் ஆண்டு மே மாதம் லூயிசிடம் ஒப்படைத்தார். கரடுமுரடான பாதைகளில் வண்டியிலும் குதிரையிலும் ஊர் ஊராகச் சென்று, அவர் சங்கத்துப் பெண்களைக் கூட்டிக் கணக்குகளைச் சரிபார்த்தார். நோயாளரை எவ்வாறு அணுகுவதென்று கற்பித்தார். ஊர்ச் சிறுமியருக்கு மறைக்கல்வி புகட்டி, அவர்களுக்குத் தொடர்ந்து கற்பிக்க ஓர் ஆசிரியையையும் தேடினார். தாயானவள் படுக்கையில் வீழ்ந்தால் அந்த வீடே சிதறிவிடும். வீட்டு வாசலுக்கே உணவும் மருந்தும் வந்ததனால் குடும்பங்கள் சிதறாமற் காக்கப்பட்டன. 1633ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி, நாட்டுப்புறப் பெண்கள் சிலரைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டு பிறரன்பின் புதல்வியர் சபையை ஆரம்பித்தார். அடைபட்ட மடத்தில் இராமல் தெருக்களிலும் வீடுகளிலும் பணிபுரியும் கன்னியர் என்பது அக்காலத்தில் பெரும் புதுமை.

பாரிஸ் பேராலயத்தின் அருகே, தெருவில் விடப்பட்ட குழந்தைகளுக்கென லா கூஷ் என்னும் இல்லமொன்று இருந்தது. ஆண்டுதோறும் முந்நூறு முதல் நானூறு குழந்தைகள் அந்நகரில் இவ்வாறு கைவிடப்பட்டனர். ஒரு விதவையும் இரண்டு பணிப்பெண்களும் அவர்களைப் பார்க்கவேண்டும். அழாதிருக்க மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. சில குழந்தைகள் அற்பக் காசுக்குப் பிச்சைக்காரருக்கு விற்கப்பட்டன. பெரும்பாலானவை இறந்தன. அவற்றைப் பெற்றோர் எல்லாரும் கல்நெஞ்சரல்லர். பசியும் போரும் அவமானத்துக்கு அஞ்சிய அச்சமும் அவர்களைத் துரத்தின. இக்குழந்தைகள் பாவத்தின் பிள்ளைகள், இவர்களைத் தொடுவது தகாது என்ற எண்ணம் பக்தியுள்ள குடும்பங்களிலும் நிலவிற்று. லூயிசின் பிறப்பை அறிந்த நீங்கள், இப்பேச்சு அவர் செவியில் எவ்வாறு விழுந்திருக்கும் என எண்ணிப்பாருங்கள்.

1638இல் சீட்டுக் குலுக்கி எடுத்த பன்னிரு குழந்தைகளோடு பணி தொடங்கிற்று. பசுப்பாலை ஊட்டி வளர்க்க முடியுமா என்றும் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. 1640இல் எல்லாக் குழந்தைகளையும் ஏற்பதெனத் தீர்மானித்தனர். கைக்குழந்தைகள் நாட்டுப்புறத்துச் செவிலித்தாய்மாரிடம், அதாவது கூலி பெற்றுப் பாலூட்டி வளர்க்கும் பெண்களிடம், ஒப்படைக்கப்பட்டனர். குழந்தையைக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென லூயிஸ் கருதவில்லை. கன்னியர் அவ்வூர்களுக்குச் சென்று குழந்தைகளைப் பார்த்தனர். பால்குடி மறந்த பிள்ளைகள் மீண்டும் கன்னியரிடம் வந்தனர். எழுத்தும் மறைக்கல்வியும் கற்று, வளர்ந்ததும் கைத்தொழிலில் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்கென 1645இல் பதின்மூன்று சிறு வீடுகளும் ஒதுக்கப்பட்டன.

எல்லாம் இனிதாக நடந்ததென எண்ணவேண்டாம். 1647இல் பிசெத்ர் என்னும் கைவிடப்பட்ட கோட்டையைப் பயன்படுத்தலாமென உதவிசெய்த சீமாட்டிகள் முடிவுசெய்தனர். குழந்தைகளுக்கு அது ஏற்ற இடமல்லவென லூயிஸ் எதிர்த்தார், ஆயினும் பணிந்தார். அவர் அஞ்சியதே நடந்தது. அங்கே பல குழந்தைகள் இறந்தனர். பின்னர் அவ்விடத்தை விடவேண்டியதாயிற்று. இதற்கிடையே உள்நாட்டுக் கலகம் மூண்டது, பணம் வற்றியது. கூலி கிடைக்காத செவிலித்தாய்மார் குழந்தைகளைத் திருப்பிக் கொண்டுவரத் தொடங்கினர். அப்பெண்களும் ஏழைகளே, அவர்களைக் குற்றஞ்சாட்ட முடியாது. கடன் பெருகுவதையும் குழந்தைகள் பசியிலிருப்பதையும் கூறி லூயிஸ் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். அக்கடிதங்களில் மென்மையான பக்திச் சொற்கள் குறைவு. பணம் எங்கே என்ற கேள்வியே மிகுதி. புனிதர்களின் எழுத்துகளில் இத்தகையவற்றையும் வாசிப்பது நமக்கு நல்லது.

இந்தச் சுமைகளுக்கு நடுவே மிஷேல் குருத்துவ எண்ணத்தை விட்டான்; ஒரு காலத்தில் எங்கிருக்கிறான் என்பதே தெரியாமற் போனான். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயானவர் சொந்த மகனைத் தேடிக் கண்ணீர்விட்டார். அவனைத் தம் விருப்பத்தின்படி ஆக்கும் முயற்சியை அவர் கைவிட நீண்ட காலம் சென்றது. 1650ஆம் ஆண்டு ஜனவரியில் மிஷேல் திருமணம் செய்தான். மறு ஆண்டு பெண் குழந்தை பிறந்து, பாட்டியின் பெயரோடு லூயிஸ் ரெனே என அழைக்கப்பட்டது. 1660ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி லூயிஸ் இறைவனடி சேர்ந்தார். அதற்கு முன்பே, நோய் முற்றியவேளையில், மகனையும் மருமகளையும் பேத்தியையும் அருகழைத்து ஆசீர்வதித்தார். வின்சன்ட் முதுமையால் அவரைக் காண வர இயலவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் அவரும் மரித்தார்.

திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1934இல் லூயிசைப் புனிதையாக உயர்த்தினார். 1960இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் அவரைச் சமூகப் பணியாளரின் பாதுகாவலியாக அறிவித்தார்.

லூயிஸ் தொடங்கிய சபையில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அருட்சகோதரி ரொசாலி ரெண்டு. 1833இல் பாரிசில் வின்சென்டி போல் சபையை ஆரம்பித்த பிரெடெரிக் ஒசானாம் முதலிய இளைஞர்களுக்கு, ஏழைகளின் வீடுகளை எவ்வாறு சந்திப்பதென்று கற்பித்தவர் அவர். உங்கள் பங்கில் வின்சென்டி போல் சபையார் ஒரு வீட்டின் கதவைத் தட்டும் வழக்கம் அவ்வழியே வந்தது. ரொசாலி தம் வட்டாரத்தில் குழந்தைகள் பராமரிப்பு இல்லமொன்றையும் திறந்தார். வறுமையினால் பிள்ளையைக் கைவிட நேர்ந்திருக்கக்கூடிய தாய், காலையில் அங்கே பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வேலைக்குச் சென்றாள். மாலையில் அதே பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.