திருப்பூர் தந்த கல்வி மந்திரி

ஓட்டு வந்தது; எழுத்து வரவில்லை!

1952-ம் ஆண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல். ஓட்டுச் சாவடிகளில் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்றார்கள். உள்ளே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் ஒரு சின்னம். பெயரைப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அப்போது இந்தியாவில் 100 பேரில் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும்.

அந்தத் தேர்தலில் திருப்பூர் தொகுதியில் இருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். ஓட்டுரிமை எல்லோருக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த உரிமை இன்னது என்று படித்து அறியும் திறமை எல்லோருக்கும் வரவில்லை. இந்தப் பள்ளத்தைத் தூர்க்கவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர்.

வக்கீல் தொழிலை விட்டார்

அவினாசிலிங்கம் 1903-ம் ஆண்டு மே 5-ந் தேதி திருப்பூரில் பிறந்தார். வசதியான குடும்பம். சென்னையில் சட்டம் படித்து வக்கீல் ஆனார். கோர்ட்டும் கட்சிக்காரர்களுமாகச் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் மனம் காந்தியடிகளின் பக்கம் போயிற்று. சுதந்திரப் போரில் இறங்கினார். ஒரு முறை அல்ல, பல முறை ஜெயிலுக்குப் போனார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1930-ல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைச் சிறிய அளவில் தொடங்கினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். ஆண்டு 1934. தீண்டாமை தலைவிரித்து ஆடிய காலம் அது. அந்தக் காலத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே கூடி வாழ்ந்து படித்தார்கள். சமத்துவம் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே, அது பந்தியில் பரிமாறப்பட்டது!

மந்திரி ஆனார்

1946-ல் அவர் சென்னை ராஜ்யத்தின் கல்வி மந்திரி ஆனார். 1949 வரை அந்தப் பதவியில் இருந்தார். மூன்றே ஆண்டுகள்தான். ஆனால் செய்த வேலை பெரிது.

உயர்நிலைப் பள்ளிகளில் அதற்கு முன் ஆங்கிலமே கோலோச்சியது. சரித்திரமும் விஞ்ஞானமும் புரியாத மொழியில் இருந்தால் ஏழைப் பிள்ளை என்ன செய்வான்? நெட்டுருப் போடுவான், பரீட்சை முடிந்ததும் மறப்பான். பாடங்களைத் தமிழிலேயே நடத்தும் முறைக்கு அவினாசிலிங்கம் வலுவூட்டினார்.

1948-ல் உயர்நிலைக் கல்வித் திட்டம் மாற்றி அமைக்கப்பட்டது. கைத்தொழிலுக்கும் குடிமைப் பயிற்சிக்கும் அதில் இடம் கிடைத்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் மக்கள் ராஜாவின் பிரஜைகள். சுதந்திரம் வந்ததும் அவர்களே நாட்டின் சொந்தக்காரர்கள். அந்தப் பொறுப்புக்கு மாணவனைத் தயார் செய்ய வேண்டி இருந்தது.

அப்போது அரசியல் சட்டம் எழுதி முடிந்திருக்கவில்லை. அதனால் பயிற்சியில் கடமையே முன்னால் நின்றது. 1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம், தீண்டாமை ஒழிந்தது, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தொழிற்சாலை வேலைக்கு வைக்கக் கூடாது என்றெல்லாம் அது சொல்லிற்று. பாடத்தின் மறுபாதி அதன் பிறகுதான் கிடைத்தது.

சொல்லும் நூலும்

தமிழில் பாடம் நடத்தத் தமிழ்ச் சொற்கள் வேண்டும், நூல்கள் வேண்டும். அதற்காகத் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை அவினாசிலிங்கம் முன்னின்று நடத்தினார். கழகம் தமிழில் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. பெரியசாமித் தூரன் தலைமை ஆசிரியர். முதல் தொகுதி 1954-ல் வந்தது. 1968-க்குள் 10 தொகுதிகள் முடிந்தன. பிறகு குழந்தைகளுக்காகவும் 10 தொகுதிகள் வந்தன.

நூல் இருந்தால் போதுமா? காசு இல்லாதவன் எங்கே படிப்பான்? அதற்கும் வழி செய்தார். 1948-ல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்து வரியோடு ஒரு சிறு தொகையை நூலகத்துக்கு என்று வாங்கச் சட்டம் இடம் தந்தது. பள்ளியை விட்டு நின்றவனும் இலவசமாகப் படிக்கக் கதவு திறந்தது.

பெண் கல்விக்காக 1957-ல் கோவையில் மனையியல் கல்லூரி ஏற்படுத்தினார். 1988-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1970-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1991-ல் காலமானார்.

இன்றைய கேள்வி

இன்று 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி பிள்ளைகளின் அடிப்படை உரிமை. 2002-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது; 2010 ஏப்ரல் 1-ல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தீண்டாமை குற்றம் என்னும் வாசகம் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பல ஆண்டுகளாக அச்சாகி வருகிறது. வாசகத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை, பக்கத்துப் பையனோடு ஒரே தட்டில் பகிர்ந்து சாப்பிடுகிறானா என்பதுதான் உண்மையான பரீட்சை.

திருப்பூரும் மாறிவிட்டது. பனியன் கம்பெனி வேலைக்குப் பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் குடும்பங்கள் வருகின்றன. வகுப்பறையில் அந்தப் பிள்ளைகளும் உட்காருகிறார்கள். சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956 முதல் சொல்லி வருகிறது. புரியாத மொழியில் கற்ற உரிமை, பூட்டிய பெட்டியில் இருக்கும் பணம். தமிழ்ப் பிள்ளைக்கு அந்தப் பெட்டியைத் திறக்கப் பாடுபட்டவர் அவினாசிலிங்கம். அவர் பிறந்த ஊரில் இப்போது வேறு மொழி பேசும் பிள்ளைகளும் சாவிக்காகக் காத்திருக்கிறார்கள்.