காற்றை அளந்த ராபர்ட் பாயில்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பை அழுத்த அழுத்தக் கை கனக்குது இல்லையா? அம்பத்தூர் எஸ்டேட்டிலே ஓடுகிற கம்ப்ரஸருக்கும் அடிப்படை அதுதான். அந்தக் கணக்கைச் சொன்னவர் பாயில்.

1627 ஜனவரி 25 அன்று அயர்லாந்தில் கார்க் பிரபுவின் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தார். பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கண் மங்கல், பேச்சில் திக்கல். உட்கார்ந்தே சாப்பிட்டிருக்கலாம், அவரோ ஆக்ஸ்போர்டில் தங்கிச் சோதனைகளில் இறங்கினார்.

ஜெர்மனியில் ஆட்டோ வான் கெரிக் காற்றை வெளியேற்றும் பம்பு செய்த செய்தி எட்டியது. அதைவிட நல்ல பம்பு ஒன்றை 1659ல் பாயிலுக்குச் செய்து கொடுத்தவர் உதவியாளர் ராபர்ட் ஹூக். கண்ணாடிக் குடுவைக்குள் காற்று குறைந்ததும் மெழுகுவர்த்தி அணைந்தது. உள்ளே வைத்த பாரமானியில் பாதரசம் மளமளவென்று இறங்கியது. அதைத் தாங்கி நிற்பது காற்றின் அழுத்தமே என்று 1660ல் புத்தகம் போட்டார்.

பிரான்சிஸ் லைனஸ் என்ற பாதிரியார் ஒத்துக்கலை. கண்ணுக்குத் தெரியாத இழை ஒன்று பாதரசத்தை மேலே இழுக்கிறது என்றார். பாயில் வெறும் வாய்ச்சண்டையோடு நிற்கவில்லை. அடியில் வளைத்து, குட்டைப் பக்கத்தை மூடிய நீளமான கண்ணாடிக் குழாயை எடுத்தார். முதல் குழாய் உடைஞ்சே போச்சு. மறுபடி வேறொன்று! வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 29 அங்குலப் பாதரசம். மேலும் 29 அங்குலம் ஏறியதும், அடைபட்ட காற்று சரிபாதியானது. அழுத்தம் இரு மடங்கு, கன அளவு பாதி! 1662ல் அட்டவணையோடு அச்சேறியது.

இந்த விகிதத்தை யோசித்துச் சொன்னவர் ரிச்சர்ட் டவுன்லி என்றும், பம்பில் ஹூக்கின் பங்கு உண்டு என்றும் பாயிலே எழுதி வைத்தார். நம்ம பாடப்புத்தகம்தான் ஒரே பெயரோடு நிறுத்திக்கொண்டது.

கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களில் ஒருவராகவும் இருந்தார். நம்ம மெட்ராஸ் கோட்டை அந்தக் கம்பெனியின் கையில் இருந்த காலம் அது. 1680ல் ராயல் சொசைட்டி தலைவர் பதவி தேடி வந்தும், பிரமாணம் எடுக்க மனமில்லாமல் மறுத்தார். 1691 டிசம்பர் கடைசியில் லண்டனில், அக்கா கேத்தரின் இறந்த ஒரே வாரத்தில் காலமானார்.

அவர் அட்டவணையில் பக்கம் பக்கமாக இரண்டு வரிசை: அளந்த அழுத்தம் ஒன்று, கணக்குப்படி வரவேண்டியது இன்னொன்று. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தவில்லை. சின்னச் சின்ன வித்தியாசம். அதை அவர் மறைக்கவில்லை. விடையைப் பார்த்து ரீடிங் எழுதும் நாம, அடுத்த பிராக்டிகலில் ரெக்கார்டைத் திறக்கும்போது இதைக் கொஞ்சம் நினைச்சுப் பார்ப்போமா?