ஓட்டு கேட்டார் கலைவாணர்... தனக்கு கேட்கலை!

ஆரணி: சிரிப்பு நடிகர் பேச்சை நம்பி ஜனங்க ஓட்டு போடுவாங்களா? நம்ம ஆரணி மாதிரியே பட்டுத்தறி ஊரான காஞ்சிபுரத்தில் 1957-லேயே பாதி பதில் கிடைத்துவிட்டது.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஜெயிலுக்குப் போய் 1947-ல் விடுதலையானார். அப்பவும் மவுசு குறையலை.

காஞ்சிபுரத்தில் நின்ற அண்ணாவுக்கு ஓட்டு கேட்கப் போனவர், எதிர்த்து நின்ற டாக்டரை மேடையில் புகழ்ந்து தள்ளினாராம். கூட்டம் முழித்தது. கடைசியில்தான் போட்டார் ஒரு போடு. இவ்வளவு நல்ல டாக்டர் ஊரிலேயே இருக்கட்டும், அண்ணாவை சட்டசபைக்கு அனுப்புங்கள் என்றார். அண்ணா ஜெயித்தார்.

கலைவாணரே நின்றிருந்தால்? ஜெயித்திருப்பார் என்பது நம்ம கணக்கு. ஆனா அதே வருஷம் ஆகஸ்ட் 30-ல் போய்விட்டார். 49 வயசுகூட நிறையலை.

1969 பொங்கலன்று சென்னையில் அவர் சிலையைத் திறந்தவர் முதல்வர் அண்ணா. அடுத்த மாதமே அண்ணாவும் மறைந்தார்.