மல்லர் கோமான் காமா

நம் காலனிச் சிறார் மாலைதோறும் மைதானத்து மணலில் புரண்டு, தொலைக்காட்சியிற் கண்ட மேனாட்டு மல்லர்களின் பெயர்களைத் தமக்குச் சூட்டி மகிழ்கின்றனர். அவர்கள் அறிய வேண்டிய பெயர் ஒன்றுண்டு. அது 'காமா' என்பதாம்.

குலாம் முகம்மது என்னும் இயற்பெயருடைய அவர் 1878-ஆம் ஆண்டு பஞ்சாபில், காஷ்மீர வழிவந்த மல்லர் குடும்பமொன்றில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பத்து வயதில் ஜோத்பூர் மன்னர் நடத்திய பஸ்கிப் போட்டியில், நூற்றுக்கணக்கான பயில்வான்களோடு இறுதிவரை நின்று பரிசு பெற்றார். பின்னர் தத்தியா சமஸ்தானம் அவரை ஆதரித்தது. நாளொன்றுக்கு மூவாயிரம் தண்டாலும் ஐயாயிரம் பஸ்கியும் செய்தாரென்பர். நம்மில் ஐம்பது எடுப்பவர் எத்தனை பேரோ! உயரமோ ஐந்தடி எட்டங்குலத்திற்கு மேற்படவில்லை. ஆயினும், ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவுடன் மோதிச் சமமாக நின்றதும் அவர் புகழ் நாடெங்கும் பரவிற்று.

1910-இல் வங்காளச் செல்வர் ஒருவரின் உதவியால் லண்டன் சென்றார். உயரம் போதாதென்று பந்தயத்தார் ஒதுக்கவே, எவ்வெடையினராயினும் மூவரை முப்பது நிமிடத்திற்குள் வீழ்த்துவதாக அறைகூவினார். முதலில் அமெரிக்கரான டாக்டர் ரோலரை இருமுறை வீழ்த்தினார். செப்டம்பர் 10-ஆம் நாள் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவுடன் கோதாவில் இறங்கினார். இரு தோள்களும் தரையிற் பட்டாலன்றித் தோல்வியில்லையன்றோ? ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்துத் தரையோடு ஒட்டிக்கொண்டார். இரண்டரை மணி நேரம் முயன்றும் அம்மலையைப் புரட்ட இயலவில்லை. 17-ஆம் நாள் மறுபந்தயத்திற்கு ஸ்பிஸ்கோ வரவேயில்லை. 'ஜான் புல்' பட்டை காமாவுக்கே வழங்கப்பட்டது.

வாராதவரை வென்றது வெற்றியாகுமா? எனக்கும் அவ்வையம் இருந்தது. அதனைத் தீர்த்தது 1928-ஆம் ஆண்டு. பாட்டியாலா மகாராஜா அவ்விருவரையும் மீண்டும் எதிர்நிறுத்தினார். ஐம்பதை நெருங்கிய காமா, பாய்ந்த வேகத்தில், ஒரு நிமிடம் நிறைவதற்குள் ஸ்பிஸ்கோவை மல்லாக்க வீழ்த்தினார். வெற்றிலை மடிக்கக் குனிந்தவர்கள் பந்தயத்தைக் காணாமலே போயிருப்பர்!

1947-இல் நாடு பிளவுண்டபோது காமா லாகூரில் இருந்தார். தம் தெருவிலிருந்த இந்துக் குடும்பங்களைத் தாக்கவந்த கூட்டத்தின் முன் தாமே நின்று தடுத்தாரென்பர். பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற வெற்றியினும் இதனையே நான் பெரிதெனக் கருதுவேன். முதுமையில் நோயும் வறுமையும் அவரை வாட்டின. எல்லைக்கு இப்பாலிருந்து தொழிலதிபர் பிர்லா உதவித்தொகை அனுப்பினார். 1960 மே 23-ஆம் நாள் லாகூரில் அவர் உயிர் நீத்தார்.